மூன்று வயதுக் கைக்கு என்ன கொடுப்பது? நெல்லை எழுதுபொருள் கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிமாருக்கு,

வணக்கம். ரத வீதிகளிலும், சந்திப்பிலும், வண்ணார்பேட்டையிலும், பாளையங்கோட்டை மார்க்கெட்டைச் சுற்றியும், மேலப்பாளையத்திலும் எழுதுபொருள் கடையோ ஃபேன்ஸி ஸ்டோரோ நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் 31 ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவள். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். இன்றும் கடைக்குள் நுழைந்தால் "வாருங்கள் டீச்சர்" என்று ஸ்டூலை இழுத்துப் போடுகிறீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்காகச் சரக்கு எடுக்கக் கிளம்பும் முன் இந்த மடலை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

போன தை மாதம் என் பேத்திக்கு மூன்று வயது நிறைந்தது. பிறந்தநாளுக்கு வந்த உறவினர் ஒருவர், கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய மனதோடு வாங்கி வந்த பரிசு. மேலே 150 உருப்படி என்று போட்டிருந்தது. திறந்தால் தட்டுத்தட்டாக ஸ்கெட்ச் பேனா, மெல்லிய மெழுகுக் குச்சி, எண்ணெய் வண்ணக்குச்சி, நகத்தளவு வாட்டர் கலர் வில்லைகள், வண்ணப் பென்சில், துருவி, கிளிப், சின்ன ஸ்கேல். வீடு முழுவதும் கூடி நின்று பார்த்தோம்.

பிள்ளை முதலில் எடுத்தது ஸ்கெட்ச் பேனா. மூடி கையால் வரவில்லை, பல்லால் இழுத்தாள். வந்த மூடி கன்னத்துக்குள் போய்விட்டது. நான் பக்கத்திலேயே இருந்ததால் வாயில் விரலை விட்டு எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பட்டாணி அளவு, எச்சில் பளபளப்பு, நுனியில் துளையே இல்லை. பேனா மூடி நுனியில் சிறு துளை விடுவது அழகுக்காக இல்லை. விழுங்கிய மூடி மூச்சுக்குழாயில் சிக்கினாலும் கொஞ்சம் காற்றாவது உள்ளே போக வேண்டும் என்பதற்காக. அதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 11540 என்று ஒரு உலகத் தரநிலை இருக்கிறது. அந்த மூடியை இன்னும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அடுத்து மெழுகுக் குச்சி, அதாவது கிரேயான். தாளில் வைத்து அழுத்தினாள், ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் ஒடிந்தது. மூன்றாவதும் ஒடிந்ததும் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து என் முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வாட்டர் கலர் வில்லையில் தூரிகையை எத்தனை தேய்த்தாலும் நிறம் ஏறவில்லை. கால் மணி நேரத்தில் வண்ணமெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடுவதே அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. 150 உருப்படிகளில் அவள் கைக்குப் பொருந்தியது அந்தக் கொக்கி ஒன்றுதான்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நச்சுத்தன்மை அற்றது என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்தது. யார் செய்தது, எந்த ஊர், எந்த மாதம், குறை சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் சொல்வது, எதுவுமே இல்லை.

இதே போன்ற பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஒரு கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் மறைக்காமல் பதில் சொன்னார். "டீச்சர், பார்க்கப் பெரிதாக இருக்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும். வருகிறவர்கள் கேட்பது இதைத்தான்." அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அங்கே நின்றிருந்த அரை மணி நேரத்தில் வேறொன்றையும் கவனித்தேன். வந்த நான்கு பேரில் மூன்று பேர் எதையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. "அண்ணாச்சி, மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம்?" என்றுதான் கேட்டார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் டாக்டரிடம் கேட்பதில்லை. என்னைப் போன்ற ஆசிரியையிடம் கேட்பதும் இல்லை. உங்களிடம்தான் கேட்கிறார்கள். நீங்கள் கை நீட்டிக் காட்டுவதுதான் அந்த வீட்டுக்குப் போகிறது. அதனால்தான் இந்த மடலைப் பெற்றோருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பிள்ளையின் கையிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றரை வயதுப் பிள்ளை குச்சியை உலக்கை பிடிப்பது போல முழு முஷ்டியால் பிடிக்கும். அசைவு தோளிலிருந்து வரும். மூன்று வயதில் விரல்கள் முன்னே வரும், ஆனால் உறுதி இருக்காது. நாம் பேனா பிடிப்பது போல மூன்று விரலால் பிடிப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலு, ஐந்து வயதை ஒட்டித்தான் படியும். ஆகவே தேவை கனமான, உருண்ட, குட்டையான குச்சி. பெரியவர்களின் கட்டைவிரல் கனம் இருந்தால் எளிதில் ஒடியாது, அழுத்தினால் நிறம் தாராளமாக இறங்கும். ஒடிந்த கிரேயானைப் பெற்றோர் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவதாகச் சொல்கிறீர்கள். கனமான குச்சி ஒடிந்து வந்தால் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: பிடிப்புச் சரியாக வராத பிள்ளைகளுக்குக் கைப்பயிற்சி சிகிச்சையாளர்கள் கிரேயானை வேண்டுமென்றே துண்டாக்கித்தான் கொடுக்கிறார்கள். துண்டு சிறிதானால் முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனிகள் தாமாகவே வந்து சேரும்.

அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடைசலில் மரம் சுழன்றுகொண்டிருக்கும்போது வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பூசிக்கொள்ளும். நிறமேற்றிய குச்சி, அழுத்துகிற கை, பற்றிக்கொள்கிற பரப்பு, அவ்வளவுதான். கிரேயானும் இந்த வேலையைத்தான் செய்கிறது, அரக்குக்குப் பதில் பாரஃபின் மெழுகு. அந்தக் கைவினைஞர்கள் கட்டைக் குச்சியைத்தான் பிடிக்கிறார்கள். ஊசிபோல மெலிந்த குச்சியால் இந்த வேலை நடக்காது.

எத்தனை நிறம் வேண்டும் என்று கேட்பீர்கள். ஆறு போதும். நான்கு இருந்தாலும் பிள்ளைக்குக் குறையில்லை. அமெரிக்காவில் கிரயோலா கிரேயான் 1903இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது பெட்டியில் இருந்தது எட்டு நிறம், விலை ஐந்து சென்ட். எங்கள் அம்மா வீட்டில் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் ஒன்று இருந்தது. மூன்றே நிறம். அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தக் கட்டங்களை விரலால் தொடர்ந்துதான் நான் வடிவம் என்பதையே கற்றேன். நாற்பத்தெட்டு நிறத்தைப் பிள்ளை முன் விரித்தால் அது எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே இருக்கும், வரையாது. மஞ்சளும் நீலமும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று தேய்த்து, பச்சை வந்ததும் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் பார்வையை நான் முப்பது ஆண்டுக்கு மேல் பார்த்தும் சலிக்கவில்லை. பச்சைக் குச்சியையும் சேர்த்தே விற்றுவிட்டால் அந்தப் பார்வையைப் பறித்துக்கொள்கிறோம்.

இனி நச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சின்னப் பிள்ளை கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். பல்பம் தின்னாமல் வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதே வாய்க்குத்தான் கிரேயானும் போகிறது. பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் மலிவான வழி ஈயம் கலந்த நிறமிகள். உடலுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சிக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கைப் பிள்ளைகள் உறிஞ்சிக்கொள்கிறார்கள் என்றும், இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதிக்கப்படுவது மூளை. அது திரும்பி வராது.

1994இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சில கிரேயான்களில் ஈயம் இருப்பது தெரிந்து, அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அவற்றைத் திரும்பப் பெற வைத்தது. 2000இல் வேறு சில கிரேயான்களில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை மிகச் சிறு அளவில் தென்பட்டது. கலவையில் சேர்த்த டால்க் என்னும் கனிமத் தூள் வழியாக வந்தது அது. பெரிய உற்பத்தியாளர்களே கலவையை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். சோதனைக்கூடங்கள் நிறைந்த நாட்டிலேயே இப்படி நடந்திருக்கிறதென்றால், முகவரியே இல்லாத பெட்டியை நாம் எந்த நம்பிக்கையில் வாங்கி அடுக்குகிறோம்?

நம் நாட்டிலும் விதிகள் இருக்கின்றன. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2016இல் வந்து 2017 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாக வேண்டும் என்பது 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து கட்டாயம். அதற்கான தரநிலை ஐ.எஸ். 9873. விரலால் பூசும் வண்ணத்துக்கென்றே அதில் 7ஆம் பகுதி இருக்கிறது. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். எண் இல்லாத முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம். இறக்குமதிச் சரக்கில் இ.என். 71 என்ற ஐரோப்பியத் தரநிலையோ, வட்டத்துக்குள் ஏ.பி. என்று இருக்கும் அமெரிக்க முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளச் சிரமமாக இருந்தால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, குறை சொல்லும் தொலைபேசி எண் இத்தனையும் உறைமேல் இருந்தாக வேண்டும். இவை இல்லாத பெட்டியை மொத்த வியாபாரி எத்தனை தள்ளுபடிக்குக் கொடுத்தாலும் திருப்பி அனுப்புங்கள். அரிசி மூட்டையில் குத்தூசி விட்டு நாலு மணி எடுத்துப் பார்க்காமல் வாங்குவீர்களா? இதையும் அப்படிப் பாருங்கள்.

சிலவற்றைச் சின்னப் பிள்ளைக்கென்று கேட்டால் தராமலே இருங்கள். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் ஜெல்லி மணிகள்தான் முதலில். கண்ணாடி மணிபோல அழகாக இருக்கும், விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் ஊதும், குடலை அடைக்கும். அறுவைச் சிகிச்சை வரை போயிருக்கிறது. பொத்தான் பேட்டரி வைத்து மினுங்கும் பேனாவும் அப்படித்தான், பேட்டரி கழன்று தொண்டையில் சிக்கினால் சில மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். ஒட்டும் கண்கள், சின்ன மணிகள், ஜிகினாத் தூள், ஸ்பிரிட் வாடை வீசும் மார்க்கர், நொடியில் ஒட்டும் பசை ஆகியவையும் வேண்டாம். சோதனைக்கூடங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே அகலமான உருளை, அவ்வளவுதான். மார்கழியில் நீங்கள் விற்கும் வண்ணக் கோலப்பொடியையும் பிள்ளை வரைவதற்கென்று கேட்டால் கொடுக்காதீர்கள். மூச்சோடு உள்ளே போகும் நுண்ணிய தூள், அதில் என்ன சாயம் என்று உறையில் ஒரு வரி இருப்பதில்லை.

வண்ணத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தாளைப் பற்றி யாருமே கேட்பதில்லை. தோளிலிருந்து கை வீசி வரைகிற பிள்ளைக்குக் கைக்குட்டை அளவு டிராயிங் நோட்டு எப்படிப் போதும்? முழு சார்ட் தாள் ஒன்று, அல்லது பாதி. நகல் எடுக்கும் தாள் 70, 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும், கிரேயானுக்கு அது தாங்கும். தண்ணீர் வண்ணம் என்றால் 120க்கு மேல் இருந்தால்தான் தாள் சுருளாது. அச்சகங்களில் ரீல் முடியும்போது மிஞ்சும் செய்தித்தாள் காகிதத்தை எடைக்கு வாங்கி, முழம் கணக்கில் கத்தரித்துக் கொடுங்கள். முடிந்துபோன மாதக் காலண்டரின் பின்பக்கத்தை விடச் சிறந்த தாளை நான் இன்னும் பார்க்கவில்லை. அதை வீசிவிடாமல் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அச்சடித்த செய்தித்தாளை மட்டும் வேண்டாம் என்பேன், மை கையில் ஒட்டி வாய்க்குப் போகும்.

வண்ணம் தீட்டும் புத்தகம் பற்றி என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விற்பனையில் அது பெரும் பங்கு என்று தெரியும். ஆனாலும் மூன்று, நான்கு வயதுக்கு அதை நீங்களாக எடுத்துக் காட்டாதீர்கள். அச்சடித்த கோட்டுக்குள் அடிக்கவில்லை என்று அடி வாங்கிய பிள்ளைகள் என் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் "பிடித்ததை வரையுங்கள்" என்பேன். நாற்பது தாளில் முப்பதில் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் எழும் சூரியன், கீழே ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. நம் ஊரில் மலை மேற்கே இருக்கிறது, அண்ணாச்சி. சூரியன் பொதிகைப் பக்கம் மறைகிறது, எழுவது கடல் பக்கம். ஒவ்வொரு மாலையும் கண்ணால் பார்க்கிற பிள்ளை, தாளைக் கண்டதும் யாரோ அச்சடித்த சூரியனை மலை நடுவே எழுப்புகிறது. அதைத் திருத்தவே எனக்கு ஒவ்வோர் ஆண்டும் பாதிப் பருவம் ஆனது.

வாங்காமலே கிடைக்கிற பொருளும் உண்டு, அதைச் சொன்னால் உங்கள் வியாபாரம் குறைந்துவிடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தென்னை மட்டை நுனியைத் தட்டி நாராக்குவோமே, அதையும் ஒரு சின்ன வாளியில் தண்ணீரையும் பேத்தியிடம் கொடுத்துக் காம்பவுண்டுச் சுவரைக் காட்டினேன். சித்திரை வெயில். சுவரில் ஈரத்தால் ஒரு பெரிய வட்டம் போட்டாள். இரண்டாவது வட்டம் முடிப்பதற்குள் முதல் வட்டம் ஓரத்திலிருந்து காய்ந்து உள்ளே சுருங்கி, கடைசியில் ஒரு புள்ளியாகி மறைந்தது. "ஆச்சி, சுவர் குடித்துவிட்டது" என்றாள். ஒரு மணி நேரம் சுவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தன.

களிமண்ணும் அப்படித்தான். காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் கல் நீக்கிப் பிசைந்த மண் கிடைக்கும். அதை வாங்கி ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையிலிட்டு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று விற்றுப் பாருங்கள். வீட்டில் பிசைவதென்றால் இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், தேவைக்குத் தண்ணீர், நிறத்துக்கு மஞ்சள் அல்லது பீட்ரூட் சாறு. உப்பு மிகுதி என்பதால் பிள்ளை அதை அள்ளித் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பெற்றோரிடம் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

இப்போது நான் கேட்க வந்தது. உங்கள் கடையில் ஒரே ஒரு தட்டு ஒதுக்குங்கள். கனமான கிரேயானைச் சில்லறையாக, ஒவ்வொன்றாக விற்கும் தட்டு. பெட்டியை உடைத்து விற்றால் நஷ்டம் என்று சிலர் சொன்னீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு கடைக்காரர், நான் கேட்டதற்காகப் பெட்டியைப் பிரித்து ஒரு சிவப்பும் ஒரு நீலமும் எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பெட்டியில் இருந்த முகவரியையும் உரிம எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே வைத்தார். மீதியும் அந்த வாரத்திலேயே போய்விட்டதாகப் பின்னால் சொன்னார். நவராத்திரிக்கும் விஜயதசமிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சின்னப் பரிசு தேடி வருவார்கள். நான்கு கனமான கிரேயான், மடித்த பத்துப் பெரிய தாள், ஒரு சிலேட்டு. இதை ஒரு துணிப்பைக்குள் போட்டு வையுங்கள். பெரிய பெட்டி தேடி வருகிறவருக்கும் முதலில் இதைக் காட்டுங்கள். உறைமேல் இருப்பதை வாசித்துச் சரிபார்க்க ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். ஒரு பகல் பொழுது உட்கார்ந்து உங்கள் சரக்கு முழுவதையும் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை பேத்தியைக் கூட்டிக்கொண்டு கீழ ரத வீதியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கடையாக வருகிறேன். மஞ்சள் ஒன்று வேண்டும், நீலம் ஒன்று வேண்டும். பச்சை வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை,
பாளையங்கோட்டை